வெளியே வராத இரண்டு ஃபயர்ஃபிஷ்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டி ஒன்றில் நிகழ்ந்ததன் ஆய்வு

பின்னணி

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில், புதிதாக விட்ட இரண்டு மீன்கள் கண்ணுக்கே தென்படாமல் ஒளிந்துகொண்டதையும், அதற்கான காரணத்தைத் தேடிய ஆறு வாரங்களையும் பற்றியது இந்தப் பதிவு. தொட்டியை அன்றாடம் கவனித்து வந்தவரை இங்கே ‘வளர்ப்பவர்’ என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய பதினொரு வயது மகனுக்கும் இதில் பங்கு உண்டு. பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்து வருபவன் என்பதால் ஆலோசனைக்காக என்னை அழைத்தார்கள். எடுத்த முடிவுகளில் சரியானவை போலவே தவறானவற்றிலும் எனக்குப் பொறுப்பு இருப்பதால், எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தொட்டி 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது. கீழே சம்ப் எனப்படும், 60 லிட்டர் நீர் கொள்ளும் துணைத் தொட்டியும், அதில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஒரு ஸ்கிம்மரும் இருந்தன. பதினைந்து மாதங்களாக இயங்கிவந்த அந்தத் தொட்டியில் லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறைகள் இடமும் வலமுமாக இரு குன்றுகளாக அடுக்கப்பட்டு, நடுவில் வெறும் மணல் விடப்பட்டிருந்தது. இணையான இரண்டு க்ளவுன் மீன்கள், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு துப்புரவு இறால், சில நத்தைகள் ஆகியவை ஏற்கெனவே அங்கு வாழ்ந்துவந்தன. இவற்றுள் ராஸ் எட்டு மாதங்களுக்கு முன் விடப்பட்டது. அதன் பிறகு வேறு மீன் எதுவும் சேர்க்கப்படவில்லை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

புதிதாக வந்தவை ஏறத்தாழ 6 செ.மீ. நீளமுள்ள இரண்டு ஃபயர்ஃபிஷ். நெமட்டிலியோட்ரிஸ் மேக்னிஃபிகா என்பது இவற்றின் அறிவியல் பெயர். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளத்திட்டுகளின் வெளிச்சரிவுகளில் இவை வாழ்கின்றன. உடலின் முன்பாதி வெண்மையாகவும் பின்பாதி செந்தழல் நிறமாகவும் இருக்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள் ஒரு நீண்ட இழையாக மேலே எழுந்து நிற்கும். மணலிலோ பாறையிலோ உள்ள ஒரு பொந்துக்குச் சற்று மேலே, நீரோட்டத்தை எதிர்நோக்கி அந்தரத்தில் நின்றபடி, அடித்துவரும் மிதவையுயிர்களைப் பிடித்து உண்பது இவற்றின் வழக்கம். சிறிய அச்சம் ஏற்பட்டாலும் கண் இமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் பாய்ந்துவிடும். பொந்து எட்டாவிட்டால் மேல்நோக்கிப் பாயும். மூடி இல்லாத தொட்டிகளிலிருந்து துள்ளி விழுந்து இறக்கும் மீன்களில் இவை முன்வரிசையில் இருப்பதற்கு இந்தப் பாய்ச்சலே காரணம். ஆகவே ஃபயர்ஃபிஷ் ஒளிவது இயல்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒளிந்த பின் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்பதைக் கொண்டுதான் அதன் நலத்தை அறிய முடியும். நலமாக உள்ள ஒரு ஃபயர்ஃபிஷ் சில நிமிடங்களிலேயே மீண்டும் பொந்துக்கு மேலே வந்து நிற்கும்.

தனிமைத் தொட்டியில் ஐந்து வாரங்கள்

வளர்ப்பவர் எந்தப் புதிய மீனையும் நேராகப் பெரிய தொட்டியில் விடுவதில்லை. கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால், பாறையும் மணலும் உள்ள தொட்டியில் அதை ஒழிப்பது மிகவும் கடினம் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே இரண்டு மீன்களும் ஐந்து வாரங்கள் ஒரு 40 லிட்டர் தனிமைத் தொட்டியில் வைக்கப்பட்டன. அங்கே மணல் இல்லை, பாறை இல்லை; ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டியும், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் மட்டுமே இருந்தன.

அந்த நாள்களில் அவர் ஒரு குறிப்பேடு எழுதிவந்தார். முதல் இரண்டு நாள் மீன்கள் குழாயை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மைசிஸ் இறால் துணுக்குகளை உண்டன. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டும் ஒரே குழாயைப் பகிர்ந்துகொண்டு, பகல் முழுவதும் வெளியே அந்தரத்தில் நின்றன. அவர் அருகில் நின்றாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தனவே தவிர ஓடவில்லை. இந்த ஆய்வில் பிற்பாடு கிடைத்த தெளிவு முழுவதற்கும் அந்த நான்கு பக்கக் குறிப்பே அடித்தளம். அது இல்லாதிருந்தால், ‘இந்த இனமே கூச்சமுள்ளது’ என்ற பதிலோடு நாங்கள் அனைவரும் நின்றிருப்போம்.

விடுவித்த நாளும் அடுத்த எட்டு நாள்களும்

விடுவித்த நாளை 1ஆம் நாள் எனக் கொள்கிறேன். நண்பகலில், விளக்குகள் முழு ஒளியில் எரிய, குடும்பத்தினர் அனைவரும் கண்ணாடி முன் நிற்க, மீன்கள் பெரிய தொட்டியில் விடப்பட்டன. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் பாய்ந்தன. ஒன்று வலப்பக்கக் குன்றின் அடியில் இருந்த ஒரு வெடிப்பில் நுழைந்தது. மற்றொன்று இடப்பக்கக் குன்றின் பின்னால் மறைந்தது. சில நொடிகளிலேயே ராஸ் அந்த வெடிப்பின் வாயருகே சென்று முன்னும் பின்னும் நீந்தியதை வளர்ப்பவர் பார்த்திருக்கிறார். புதியவர்களை அது ஆர்வத்தோடு பார்க்கிறது என்றே அப்போது அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாள்களில் வலப்பக்க மீனின் தலை மட்டும் இரண்டு முறை தெரிந்தது. உணவு உண்டதை யாரும் பார்க்கவில்லை. கவலை மிகுந்தபோது அவர் செய்தவை அனைத்தும் அக்கறையால் செய்தவைதாம். ஆயினும் அவை அடுத்தடுத்து நிகழ்ந்ததால் எது எதற்கு விளைவு என்று பிரித்தறிய இயலாமல் போயிற்று. 4ஆம் நாள் விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறைத்தார். 5ஆம் நாள் உணவை மூன்று வேளையாகக் கூட்டினார். அன்றிரவும் மறுநாளிரவும் கைவிளக்கால் பாறை இடுக்குகளில் ஒளி பாய்ச்சித் தேடினார். 6ஆம் நாள் காலை, வலப்பக்கக் குன்றின் அடிப்பாறையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த மீன் வெளியே பாய்ந்து, தொட்டியின் குறுக்கே நீந்தி, பின்பக்க மூலையில், நீர் சம்ப்புக்கு வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னால் புகுந்தது. அதற்கென்று இருந்த ஒரே பொந்தும் அந்தக் கணத்தில் அதன் நம்பிக்கையை இழந்தது.

7, 8ஆம் நாள்களில் இரண்டு மீன்களும் தென்படவே இல்லை. அவை இறந்து அழுகியிருந்தால் அமோனியா கூடியிருக்க வேண்டும் என்று எண்ணி வளர்ப்பவர் நீரைச் சோதித்தார். அளவு சுழியமாக இருந்ததால் நிம்மதியடைந்தார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. நன்கு முதிர்ந்த தொட்டியில் 6 செ.மீ. மீன் ஒன்று இறந்தால் நத்தைகளும் பிரிசில் புழுக்களும் ஓரிரவில் அதைத் தின்று தீர்த்துவிடும். எஞ்சும் சிறிதளவு அமோனியாவைப் பாறையில் உள்ள பாக்டீரியாக்கள் மாற்றிவிடும். சோதனைக் குழாயில் எதுவும் தெரியாது.

முதல் சந்திப்பு: யார் மீது ஐயம்?

9ஆம் நாள் நான் சென்றேன். தொட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நாற்பது நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்தும் ஒரு மீனும் வெளியே வரவில்லை. பிறகு தனிமைத் தொட்டிக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி வாசித்தேன். மறைவிடம் மிகக் குறைவான, வெறுமையான ஒரு தொட்டியில் பகல் முழுவதும் வெளியே நின்ற மீன்கள், மறைவிடம் நிறைந்த பெரிய தொட்டியில் முற்றிலும் மறைந்துவிட்டன என்றால், காரணம் மீனிடம் இல்லை, அந்தத் தொட்டியில் இருக்கிறது என்று முடிவு செய்வதற்கு அந்தக் குறிப்புகள் போதுமானவையாக இருந்தன.

நீரின் தன்மையில் குறை காணவில்லை. உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ், பி.எச். 8.1, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம். நைட்ரேட் மட்டும் கூடுதல் உணவால் சற்று உயர்ந்திருந்தது. மற்ற மீன்களின் செவுள் அசைவும் பசியும் இயல்பாக இருந்தன. பாறையோடு வந்து சேரும் மான்டிஸ் இறாலோ, மீன் பிடிக்கும் நண்டோ உள்ளே ஒளிந்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணினோம்; ஆனால் பதினைந்து மாதங்களில் ஒரு மீனோ இறாலோ காணாமற்போனதில்லை, மான்டிஸ் இறால் இரையை அடிக்கும் ‘டக்’ என்ற ஓசையையும் யாரும் கேட்டதில்லை. அதனால் அந்த ஐயத்தைக் கீழே இறக்கி வைத்தோம்.

மிஞ்சியவை ஐந்து. விளக்கின் ஒளி திடீரென்று முழு அளவில் எரிவது, வலப்புறச் சுவரில் பொருத்திய, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் வேகம் நேராக வலப்பக்க வெடிப்பின் வாயில் மோதுவது, ராயல் கிராமா தன் குகையைக் காப்பது, ராஸின் தொல்லை, இறுதியாக மனிதரின் நடமாட்டம். இரண்டு ஃபயர்ஃபிஷ்களும் தமக்குள் சண்டையிடுவதும் நடப்பதுண்டு. இணை சேராத இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்திக் கொன்றுவிடும் நிகழ்வுகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் இவை ஐந்து வாரம் ஒரே குழாயைப் பகிர்ந்தவை என்பதால் அந்த ஐயம் வலுவிழந்தது.

என் முதல் ஐயம் கிராமா மீதுதான் விழுந்தது. அது குகைக்குச் சொந்தம் கொண்டாடும் மீன். அண்டை வரும் மீனிடம் வாயை அகலத் திறந்து காட்டி அச்சுறுத்தும். அதன் குகை வலப்பக்க வெடிப்பிலிருந்து இரண்டு சாண் தொலைவில்தான் இருந்தது. ஐயம் தவறு என்பது இரண்டே நாளில் தெரிந்தது.

ஒளிப்பதிவு காட்டியது

கண்ணாடி முன் நின்று நாம் பார்ப்பது, நாம் நிற்கும்போது நடப்பதை மட்டுமே. தேடும் மனிதரின் உருவம் மீனுக்கு மேலிருந்தும் முன்னிருந்தும் எழும் பெரிய நிழல். அந்த நிழல் விலகாதவரை மீன் வெளியே வராது, மீன் வராதவரை தேடுபவர் விலகமாட்டார். இந்தச் சுழலிலிருந்து வெளியேற, பயன்படுத்தாமல் இருந்த ஒரு பழைய கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, கண்ணாடியை ஒட்டினாற்போல் வைத்தோம். சற்றுத் தள்ளி வைத்தால் அறையின் பிம்பமே பதிவாகும் என்பதால் இடைவெளி விடவில்லை. 10, 11, 12ஆம் நாள்களில், காலையில் நீல விளக்கு எரிவதற்கு முன்னிருந்து ஒரு மணி நேரமும், நண்பகல் உணவு வேளையிலும், மாலையில் விளக்கு அணைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் பதிவு செய்தோம். அந்த நேரங்களில் அறைக்குள் யாரும் செல்லவில்லை.

பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்தவன் வளர்ப்பவரின் மகன். இரண்டாம் நாள் பதிவை முடித்ததும் அவன் சொன்னது: “அம்மா, கோட்டு மீன் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மட்டும்தான் அது வெளியே வருது.” கோட்டு மீன் என்று அவன் சொன்னது, உடலில் ஆறு கோடுகள் ஓடும் அந்த ராஸை.

அவன் சொன்னபடியே இருந்தது. காலை 8 மணிக்கு நீல விளக்கு எரியத் தொடங்கும். மூன்று நாளும் 8.03க்கும் 8.06க்கும் இடையில் ஒரு ஃபயர்ஃபிஷ், தான் மீண்டும் குடியேறியிருந்த வலப்பக்க வெடிப்பிலிருந்து எழுந்து, ஒரு சாண் உயரத்தில் நின்று, முதுகு இழையை முன்னும் பின்னுமாக அசைத்தது. ராஸ் இனத்தில் பல மீன்கள் பகலில் மட்டும் திரிபவை. இரவில் பாறை இடுக்கில், சில இனங்கள் தாமே சுரக்கும் சளிக்கூட்டுக்குள், உறங்கும். இந்த ராஸ் 8.17க்கும் 8.21க்கும் இடையில்தான் வெளியே வந்தது. வந்த ஒரு நிமிடத்திற்குள் வெடிப்பின் வாய்க்குச் சென்றது, ஃபயர்ஃபிஷ் மறைந்தது. அதன் பின் ராஸ் தொட்டியைச் சுற்றி வரும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டே சென்றது. நண்பகல் பதிவு ஒன்றில் ஒரு மணி நேரத்தில் இப்படி 23 முறை எண்ணினோம். கடித்ததை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடிக்கத் தேவையே இல்லாத அளவுக்கு அந்தக் காவல் பயனளித்திருந்தது. எட்டு மாதம் தனியாட்சி செய்த மீன், புதியவற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டது.

கிராமாவோ, தன் குகையின் வாயை விட்டு அரை அடிக்கு மேல் நகரவில்லை.

இரண்டாவது ஃபயர்ஃபிஷ் ஒரே ஒரு முறை, 11ஆம் நாள் மாலையில் பதிவாகியிருந்தது. பின்பக்க இட மூலையில், நீரின் மேற்பரப்பை ஒட்டி, உடல் சற்றுச் சாய்ந்த நிலையில் அது நின்றது. வால் துடுப்பின் விளிம்பு கிழிந்திருந்தது. அது உயிரோடிருக்கிறது என்ற மகிழ்ச்சியில் நாங்கள் அந்தக் காட்சியை விரைவாகக் கடந்துவிட்டோம். அடிமணலை ஒட்டி வாழ வேண்டிய மீன் மேற்பரப்பு மூலையில் நிற்கிறது என்றால், தொட்டியின் வேறு எந்த இடத்திலும் அதை இருக்கவிடவில்லை என்று பொருள். அடுத்து அது போகக்கூடிய இடம் தொட்டிக்கு வெளியேதான். இதை அறிந்திருந்தும் நான் அன்று அப்படி வாசிக்கவில்லை.

12ஆம் நாள் எடுத்த முடிவுகள்

ராஸை உடனே எடுத்துவிடலாமா என்று வளர்ப்பவர் கேட்டார். ஒரு வாரம் பொறுக்கலாம் என்று நான் சொன்னேன். அன்று எனக்குச் சரியெனப் பட்ட காரணங்கள் மூன்று. பாறைகளுக்கிடையே மின்னல்போல் நீந்தும் ராஸை வலையால் பிடிக்க வேண்டுமென்றால் இரு குன்றுகளையும் கலைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பொந்தை இழந்த மீனுக்கு அது இரண்டாவது அதிர்ச்சியாகும். அடுத்து, ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றியதால்தான் முதல் வாரம் குழம்பியது. ஆகவே இனி எளியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி விளைவைப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ராஸ் அந்தத் தொட்டியில் தட்டைப்புழுக்களையும் சிறு ஒட்டுண்ணி நத்தைகளையும் உண்டு கட்டுக்குள் வைத்திருந்தது.

எனவே ஐந்து மென்மையான மாற்றங்களை மட்டும் செய்தோம். கண்ணாடியின் கீழ்ப்பாதியை வெளியிலிருந்து கருந்தாளால் மறைத்தோம். கைவிளக்குத் தேடல் நிறுத்தப்பட்டது. விளக்கு ஒரு மணி நேரத்தில் படிப்படியாக ஒளி கூடுமாறு அமைக்கப்பட்டது. வேவ்மேக்கரைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, அதன் ஓட்டம் எதிர்க் கண்ணாடியில் மோதி மெல்லத் திரும்பி வெடிப்பின் முன் கடந்துசெல்லுமாறு செய்தோம். இந்த இனத்துக்கு ஓட்டமே இல்லாமலும் ஆகாது. உணவு அதன் முகத்துக்கு நேராக மிதந்துவர வேண்டும். ஐந்தாவது மாற்றம், ராஸ் விழிப்பதற்கு முந்தைய அந்தப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் உணவளிப்பது. 8.05க்கு வளர்ப்பவர் ஒரு நீண்ட பைப்பெட்டால், வெடிப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஓட்டத்தின் மேற்புறத்தில் உருகிய மைசிஸை மெதுவாக விட்டார். 13ஆம் நாள் அந்த மீன் ஐந்தாறு துணுக்குகளை உண்டது. பதிமூன்று நாளில் நாங்கள் கண்ட முதல் உணவு அது. அந்த அளவில் திட்டம் பலன் தந்தது என்றே சொல்ல வேண்டும்.

15ஆம் நாள்

15ஆம் நாள் காலை, தொட்டிப் பெட்டகத்தின் பின்னால் தரையில், இரண்டாவது ஃபயர்ஃபிஷ் உலர்ந்து கிடந்தது. மேலே கண்ணாடி மூடி இருந்தது. நான் 9ஆம் நாளே மூடியைப் பார்த்திருந்தேன். ஆனால் முன்பக்க விளிம்புகளை மட்டுமே சரிபார்த்தேன். பின்பக்கத்தில் மின்கம்பிகளும் குழாய்களும் செல்வதற்காக வெட்டப்பட்ட, 4 செ.மீ. அகலமுள்ள திறப்பு ஒன்று அந்த இட மூலைக்கு நேர் மேலே இருந்தது. விரல் பருமனுள்ள மீனுக்கு அது தாராளமான வழி.

வளர்ப்பவர் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இருப்பினும் இந்த மரணத்துக்கான பொறுப்பை நான் தெளிவாக ஏற்கிறேன். தொல்லை தரும் மீன் எது என்பது 12ஆம் நாளே பதிவில் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் காரணத்தை ஐயமற நிறுவ வேண்டும் என்ற விருப்பத்தால், துரத்தும் மீனையும் துரத்தப்படும் மீனையும் ஒரே நீரில் விட்டுவைத்தேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஆகும் காலத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியது மூலையில் ஒதுங்கியிருந்த அந்தச் சிறு மீன் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ராஸைப் பிடித்தது

அன்று மாலையே திறப்பை மெல்லிய நைலான் வலையால் மூடினோம். ராஸைப் பிடிக்க, ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் மேலிருந்து கீழிறங்கும் கதவு பொருத்தி, கதவைத் தூண்டில் நரம்பால் தூக்கிப் பிடித்து, நரம்பின் மறுமுனையை அறையின் மறுபக்கம் வரை கொண்டுவந்தோம். 16ஆம் நாள் முழுவதும், ஃபயர்ஃபிஷ்ஷுக்கான காலை உணவு தவிர, தொட்டிக்கு வேறு உணவு அளிக்கவில்லை. பெட்டி மட்டும் உள்ளே, கதவு திறந்தபடி, மீன்கள் பழகிக்கொள்வதற்காக விடப்பட்டது. 17ஆம் நாள் உள்ளே ஒரு துண்டு இறால் தசையை வைத்தோம். முதலில் க்ளவுன் மீன் நுழைந்தது, விட்டுவிட்டோம். இருபது நிமிடத்தில் ராஸ் நுழைந்தது, மகன் நரம்பை விட்டான், கதவு இறங்கியது.

ஒரு பாறைகூட நகரவில்லை. பிடிப்பதற்குப் பாறைகளைக் கலைக்க வேண்டியிருக்கும் என்ற என் முதல் காரணம் இதனால் பொருளற்றுப் போனது. பொறியை 12ஆம் நாளே வைத்திருக்கலாம். பிடிபடாவிட்டாலும் இழப்பு எதுவும் இல்லை.

ராஸ் சில நாள்கள் தனிமைத் தொட்டியில் இருந்துவிட்டு, பெரிய சர்ஜன் மீன்கள் வாழும் 600 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அங்கே அதைவிடப் பெரிய மீன்களிடையே அது யாரையும் துரத்துவதாகத் தெரியவில்லை. அது தீய மீன் என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். சிறிய இடத்தில், முதலில் குடியேறியதாக, அமைதியான அண்டை மீன்களோடு வைக்கப்பட்டபோது அது தன் இயல்பின்படி நடந்துகொண்டது. விடும் வரிசையை அமைத்தவர்கள் மனிதர்கள்தாம்.

பின் விளைவுகள்

18ஆம் நாள் எஞ்சிய ஃபயர்ஃபிஷ் காலை 8.04க்கு வெளியே வந்து, 11 மணி வரை உள்ளே போகவில்லை. 20ஆம் நாள் பகல் முழுவதும் வெளியே நின்றது. 23ஆம் நாள் நண்பகல் உணவின்போது க்ளவுன் மீன்களோடு நடுநீரில் உண்டது. ஒரு மாதம் நிறைவதற்குள், வளர்ப்பவர் ஒரு மீட்டர் தொலைவில் நின்றாலும் அது தன் இடத்தில் நின்றது. கிராமா ஒருசில முறை வாயைத் திறந்து காட்டியது, ஃபயர்ஃபிஷ் ஒரு சாண் விலகி நின்றது, அத்தோடு முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி எஞ்சியது. கருந்தாள், விளக்கு, நீரோட்டம், ராஸ் ஆகிய நான்கும் மாறியிருந்தன. எது மீனை வெளியே கொண்டுவந்தது? இதை அறியும் வழி மீனுக்குத் தீங்கற்றதாக இருந்தது. 30ஆம் நாள் கருந்தாளை எடுத்தோம். முதல் நாள் மீன் சற்றுத் தயங்கியது. மறுநாள் வழக்கம்போல் நின்றது. 35ஆம் நாள் விளக்கைப் பழைய முறைக்கு மாற்றினோம். திடீரென்று ஒளி எரிந்ததும் மீன் பொந்துக்குள் பாய்ந்தது, நான்கு நிமிடத்தில் திரும்பியது. ஒரு வாரம் இப்படியே தொடர்ந்தது. ஆகவே விளக்கு அதைத் திடுக்கிட வைத்ததே தவிர, நாள் முழுதும் ஒளிய வைக்கவில்லை. பிறகு படிப்படியான ஒளிக்கே திரும்பினோம், ஏனெனில் தினமும் ஒரு மீனைத் திடுக்கிட வைப்பதில் யாருக்கும் பயனில்லை. வேவ்மேக்கரை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. மீன் உணவு பிடிக்கும் முறைக்குப் புதிய ஓட்டம் மிகவும் பொருந்தியிருந்ததால் அதைக் கலைக்க மனம் வரவில்லை. எனவே நீரோட்டத்தின் பங்கு எவ்வளவு என்பது இந்த ஆய்வில் தீர்மானமாகவில்லை. ராஸ் இருக்கும்போதே புதிய ஓட்டத்தில் ஐந்து நாள் கழிந்தும் மீன் காலை இடைவெளியைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இந்தத் திரும்ப மாற்றும் சோதனையைத்தான் நான் முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும். முதலில் ஆபத்தை நீக்கி மீனைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, பிறகு தீங்கற்ற மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலும் காரணம் தெரியவே செய்கிறது. அறிவதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய தேவை இருக்கவில்லை.

மீண்டும் செய்வதானால்

சிக்ஸ்லைன் ராஸ் போன்ற, தன் இடத்தைக் காக்கும் மீனைக் கடைசியாக விடுவேன். ஃபயர்ஃபிஷ் போன்ற மீன்கள் அதற்கு முன்பே குடியேறிப் பொந்து தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே அப்படியொரு மீன் இருக்கும் தொட்டியானால், புதியவற்றைத் புதிய இடத்துக்குப் பழக்கும் அக்ளிமேஷன் பெட்டி எனப்படும் துளையிட்ட தெளிந்த பெட்டிக்குள், பெரிய தொட்டியின் நீரிலேயே, குறைந்தது நான்கைந்து நாள் வைத்திருப்பேன். பழைய மீன் பெட்டியின் சுவரில் மோதுகிறதா, அலட்சியமாகக் கடந்துபோகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். முதல் நாள் வெடிப்பின் வாயருகே ராஸ் முன்னும் பின்னும் நீந்தியதை அந்தப் பெட்டி நமக்குப் பாதுகாப்பாகக் காட்டியிருக்கும். விடுவிப்பதும் நண்பகலில் இருக்காது. பெரிய விளக்குகள் அணைந்து, பகல் மீன்கள் ஒடுங்கிய பின்னரே விடுவிப்பேன். ஓர் இரவு முழுவதும் இடம் தேட மீனுக்குக் கிடைக்கும்.

பாறைகளை முன்கூட்டியே அமைக்கும்போது, மீனின் உடலைவிடச் சற்றே அகலமான பொந்துகள் பல, ஒன்றுக்கொன்று தொலைவில், இரண்டு வாய்களோடு இருக்கும்படி பார்ப்பேன். இந்தத் தொட்டியில் மணலை ஒட்டி அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வந்தவை இரண்டு மீன்கள். அடிமணலில் பாதி புதைத்த ஒரு சிறு பி.வி.சி. குழாய், தனிமைத் தொட்டியில் அவை பழகிய அதே குழாய், அழகுக்குக் குறைவாக இருந்தாலும் அந்த இரண்டாவது மீனுக்கு ஓர் இடம் தந்திருக்கும். அதைக் கூடவே மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மீன் காணாமற்போனால், பாறையைத் தொடுவதற்கு முன் மூடியைச் சுற்றி நாற்புறமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது எல்லாருக்கும் முதல் வேலையாகச் சொல்கிறேன். அடுத்த வேலை ஒளிப்பதிவு. இறந்துவிட்டதோ என்ற ஐயத்தில் பாறையைத் தூக்குவதால் இறந்த மீன் எழப்போவதில்லை. உயிரோடிருக்கும் மீன் தன் இடத்தை இழக்கும்.

ஆறு மாதங்கள் கழித்து மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றேன். ஃபயர்ஃபிஷ் வலப்பக்க வெடிப்புக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில் நின்றது; நான் நாற்காலியை இழுத்த ஓசைக்கு உள்ளே பாய்ந்து, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்றை விடலாமா என்று மகன் கேட்டிருந்தான். வளர்ந்த ஃபயர்ஃபிஷ் புதிய ஒன்றை ஏற்கும் என்ற உறுதி இல்லாததாலும், இந்த அளவுத் தொட்டியில் தோற்கும் மீனுக்குப் போக்கிடம் இராது என்பதாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மூடியின் பின்திறப்பில் இருந்த நைலான் வலையின் ஒரு மூலை தளர்ந்திருந்தது. புறப்படும் முன் அதை இறுக்கிக் கட்டினோம்.